வராத படத்தின் பாட்டுகள்

கனகேஸ்வரியின் பாட்டுகளுக்கு தீவின் ஜெலுத்தோங்கிலிருந்து கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் வரை ரசிகர்கள் இருந்தார்கள். அவை அவளே எழுதி மெட்டுப் போட்டவை என்பது மட்டும் அவர்களில் யாருக்கும் தெரியாது.

பகலில் அவள் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். சனி, ஞாயிறுகளில் சீனி முகம்மதுவின் இசைக்குழுவோடு கல்யாண விருந்துகளில் பாடினாள். பாட்டுக்காரி என்று பெயர் வாங்கினால் மாப்பிள்ளை வரமாட்டான் என்று அப்பா விநாசித்தம்பி சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை அதற்கு முன்பும் வந்ததில்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

1978-ல் அம்மா நல்லம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீர் கேட்டாள். கனகேஸ்வரி கீழே கேன்டீனில் சுடுதண்ணீர் வாங்கி, ஆற்றிக்கொண்டே படியேறி வருவதற்குள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அதிலிருந்து வந்தது முதல் பாட்டு.

நீ கேட்ட தண்ணீர் கையில் இருக்கு,
கேட்ட நீ எங்கே?

ஒத்திகையில் அதைக் கேட்ட சீனி முகம்மது ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நல்லா இருக்கு தங்கச்சி. ஆனா சொந்தப் பாட்டுன்னு மைக்ல சொன்னா எல்லாரும் சாப்பாட்டுக்குத் திரும்பிருவாங்க லா.”

“அப்ப என்னண்ணே செய்யறது?”

“படப் பாட்டுன்னு சொல்லிருவோம். படம் இன்னும் இங்க வரலேன்னு சேர்த்துக்குவோம். யாரு போய்ப் பார்க்கப் போறா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றாள். அந்த வார விருந்தில் தட்டுச் சத்தம் அடங்கியது. மாப்பிள்ளைகூடக் காதல் பாட்டென்று நினைத்துப் பெண்ணைப் பார்த்து முறுவலித்தான். அம்மாவின் சாவைக் கேட்டு ஒருவன் முறுவலிப்பது அவளுக்குச் சுட்டது. ஆனாலும் கேட்கிறார்களே என்று பொறுத்துக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அப்படிப் பதினொரு பாட்டு ஆயிற்று.

1985-ல் ஓர் இளைஞர் சங்கம் சொந்தப் பாட்டுப் போட்டி வைத்தது. ஜெயிக்கும் பாட்டைக் கேசட் போடுவார்கள். அட்டையில் ‘எழுதிப் பாடியவர்’ என்று பெயர் வரும். அந்த அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தாள் கனகேஸ்வரி. தொண்டை கெட்டுவிடக் கூடாதென்று மூன்று மாதம் குளிர்தண்ணீர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டபம் நிறைந்த கூட்டம். தண்ணீர்ப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியில் மண்டபமே சேர்ந்து பாடத் தொடங்கியது. அவள் கண் கலங்கிவிட்டது. அப்போது நடுவர் ஸ்ரீஸ்கந்தராஜா மணியடித்தார்.

“நிறுத்தும்மா. சொந்தப் பாட்டுத்தான் பாடணும்.”

“இது என் பாட்டுத்தான் சார்.”

“என் மகள் கல்யாணத்துல நீதானே பாடினே? படப் பாட்டுன்னு சொல்லித்தானே பாடினே?”

சீனி முகம்மது எழுந்து நின்றார். “பொய் சொன்னது நான்தாங்க. பாட்டு அவளோடது.”

“அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

கூட்டம் சிரித்தது. சீனி முகம்மது உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீஸ்கந்தராஜா கெட்டவர் அல்ல. “சரிம்மா, வேற சொந்தப் பாட்டு இருந்தா பாடு. டைம் தரேன்” என்றார்.

மிச்சம் பத்துப் பாட்டையும் அவள் மனத்தில் புரட்டிப் பார்த்தாள். ஒன்றைப் பாட வாயெடுத்தாள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் அவளுக்கு முன்பாகவே உதட்டை அசைக்கத் தயாராக இருந்தார்கள். யாரும் கேட்காத பாட்டு அவளிடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு விருந்தில், எவரும் எடுக்காத ஏதோ ஒரு படத்துக்குத் தூக்கிக் கொடுத்தாகிவிட்டது.

“இல்ல சார்.”

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். “யக்கா, அந்தப் படம் எப்பத்தான் வரும்?”

மைக் இன்னும் அவள் கையில் இருந்தது.

“வராது. பாதியிலேயே நின்னு போச்சு” என்றாள்.

மேடையிலிருந்து இறங்கும்போது ஓர் அம்மாள் உச்சுக்கொட்டியது கேட்டது, அந்தப் படத்துக்காக.