புஜைராவில் ஜூன் மாத மழை

அமீரகத்தின் புஜைராவில் ஒரு சலூன். என் ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் சோப்பு. முடிதிருத்தும் திருநெல்வேலி முருகேசன், “ரெண்டே நிமிசம், அசையாதீய அண்ணாச்சி!” என்று சொல்லிவிட்டு, தமிழ் எஃப்எம்முக்குப் போனில் நேரலைப் பேட்டி கொடுக்கிறார். தலைப்பு, தண்ணீர்ச் சிக்கனம். தொழிலாளர் கேம்ப்பே கேட்டுக்கொண்டிருக்கிறதாம்.

“தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கக் கூடாது சார். ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்!”

நல்ல வாக்கு. ஆனால் அவர் திறந்துவிட்ட குழாய் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கிறது.

“அங்கே என்ன சத்தம்?” என்று ஸ்பீக்கரில் கேட்கிறார் அறிவிப்பாளர்.

முருகேசன் முகம் வெளிறுகிறது. “மழை சார்!”

ஜூன் மாதத்தில்! “நேயர்களே, புஜைராவில் மழை!” என்று எதிர்க்கடை ரேடியோ கூவுகிறது. சோப்பு முகத்தோடு எழுந்து குழாயை மூடுகிறேன்.

“இப்ப மழை நின்னு வெறிச்சிட்டு சார்” என்கிறார் முருகேசன் போனில்.

வெளியே எதிர்க்கடைக்காரர்கள் கொளுத்தும் வெயிலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.