செத்தவீட்டு வேகம்

எங்கள் கிணற்றடி ஒழுங்கையில் நாற்பத்தொரு வீடுகள். மதில் எல்லை, குப்பை, நாய் என்று எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற சனம். ஆனால் வாகன வேகம் என்று வந்தால் நாற்பத்தொரு வீட்டுக்கும் ஒரே கருத்துத்தான்: மற்றவன் மெதுவாகப் போக வேண்டும்.

உட்துறைமுக வீதியிலிருந்து கடைத்தெருவுக்குப் போக நல்ல அகலமான றோட்டு இருக்கிறது. என்ன செய்வது, அதன் சந்தியில் பொலிஸ்காரர் நிற்கிறார். ஹெல்மெட் போடாதவன், லைசன்ஸ் இல்லாதவன், ஒரு மோட்டார் சைக்கிளில் நாலு பேரை அடுக்கினவன் எல்லாரும் எங்கள் ஒழுங்கையால் வெட்டி ஓடுவார்கள். மீன் கூலர் வான்கள் தண்ணீர் சிந்திக்கொண்டு பறக்கும். ஒழுங்கையின் அகலம் ஒரு ஓட்டோவும் ஒரு சைக்கிளும், அவ்வளவுதான். நானும் அதே வழியால் காலையில் கந்தோருக்குப் பறக்கிறவன்தான், ஒளிக்க என்ன இருக்கிறது? எட்டரை தாண்டினால் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள்.

சொல்ல வந்தது இரத்தினேஸ்வரி அக்காவைப் பற்றி. முப்பது வருசம் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் அடிபட்ட காலத்தில் ஒருவரையும் இடையில் புகவிடாத மனுசி. "வரிசையில வாங்கோ" என்று அவர் ஒருதரம் சொன்னால் துவக்கோடு வந்த ஆமிக்காரனும் பின்னால் போய் நிற்பானாம். பென்சன் எடுத்த பிறகு வரிசையில் நிறுத்த ஆளில்லாமல் கொஞ்சம் வாடிப்போய் இருந்தார்.

அவருடைய மனுசன் கோணேஸ்வரன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். போன வருசம் பாரிசவாதம் வந்து இடது பக்கத்தை இழுத்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை நல்ல கண்டிப்பானவள். காலையும் பின்னேரமும் சமதரையில் நடக்க வேண்டும், நடந்தால் கால் மீளும், ஆறு மாதம் சும்மா கிடந்தால் பிறகு சாகும்வரை கட்டில்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டு முற்றம் பதினைந்து அடி, அதுவும் கால் புதைகிற மணல். நடக்க ஒழுங்கையை விட்டால் வேறு இடமில்லை.

இரண்டாம் கிழமையே ஒரு கூலர் வானின் பக்கக் கண்ணாடி அவர் ஊன்றி நடக்கிற நாலுகால் பொல்லைத் தட்டிக்கொண்டு போனது. மனுசன் மதிலோடு சரிந்து தண்ணி ஓடுகிற காணுக்குள் இருந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அடுத்த நாள் கேற்றடிக்கு வந்தவர் "ஏலாது" என்றார், திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்தார். அதன் பிறகு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது அக்கா அவருடைய கெண்டைக்காலைக் கையால் சுற்றிப் பிடித்து அளந்து பார்ப்பார். கிழமைக்குக் கிழமை விரல்கள் கிட்டக் கிட்ட வந்தன. "தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அவர் என்னிடம் சொன்னது அப்போதுதான். ஆமிக்குப் பயப்படாத மனுசி!

அப்படித்தான் வேக எல்லைப் போராட்டம் தொடங்கியது. மணிக்கு இருபது கிலோமீற்றர் என்று ஒரு பலகை, அவ்வளவுதான் கோரிக்கை. அக்கா ஒரு சீ.ஆர். கொப்பியோடு வீடு வீடாகப் போனார். மனுவை எழுதிக் கொடுத்தது நான். "உயிராபத்து", "மன உளைச்சல்", "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று வெளுத்துக் கட்டியிருந்தேன். நாற்பத்தொரு வீடும் கையெழுத்துப் போட்டது. ஒழுங்கை அபிவிருத்திச் சங்கத் தலைவர் யோகராசா பச்சைப் பேனையால் போட்டார். அவருடைய மகன் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவன். அவனும் சந்தோசமாகப் போட்டான். போட்டுவிட்டு ஏறி உதைத்துக்கொண்டு போன வேகத்தில் கொப்பியின் தாள்கள் படபடவென்று அடித்தன.

மனு ஒரு கந்தோருக்குப் போனது. வேகம் பொலிசின் விசயம் என்றார்கள். பொலிசுக்குப் போனால் பலகை கந்தோரின் விசயம் என்றார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு, பலகை சிங்களம், தமிழ், இங்கிலிஷ் என்று மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று ஒரே மொழியில் ஒரு கடிதம் வந்தது. அது எந்த மொழி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடைசியில் ஒரு அதிகாரி மனம் இரங்கி, பலகைதானே கஷ்டம், றோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு போட்டுத் தருகிறோம், எங்கே என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். கூட்டம் கூடியது. மேடு வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. தன் வாசலில் மட்டும் வேண்டாம்.

"என்ர காரின்ர அடி உரசும்" என்றார் கமலேஸ்வரி ரீச்சர்.

"மழைத் தண்ணி தேங்கி என்ர வளவுக்குள்ள வரும்" என்றார் இன்னொருவர்.

யோகராசா தன் வீட்டு வாசல் வடகிழக்கு மூலை என்றும் அங்கே மேடு வந்தால் குடும்பத்துக்குக் கூடாது என்றும் சாத்திரம் சொன்னார். என் வாசலைக் காட்டினபோது நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? வாகனம் மேட்டில் ஏறி இறங்குகிற சத்தம் என் மகளின் படிப்பைக் குழப்பும் என்றேன். மகளுக்கு அப்போது மூன்று வயது.

ஆளில்லாத வீடு ஒன்று இருந்தது, சொந்தக்காரர் லண்டனில். அங்கே போடலாம் என்று முடிவெடுத்துக் கை தட்டி முடிய முன்னமே அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. தன்னுடைய காணி விலை இறங்கிவிடுமாம். கூட்டம் தேநீரோடு கலைந்தது. வடை நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த கிழமை தம்பிராசா ஐயா செத்துப்போனார். ஒழுங்கையின் நடுவில் இருந்தவர், எண்பத்தெட்டு வயது. ஒழுங்கையின் இரண்டு முனையிலிருந்தும் செத்தவீட்டு வழக்கப்படி வெள்ளைக்கொடி கட்டினார்கள். பிறகு நடந்ததை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம், ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. கூலர் வான் ஊர்ந்தது. யோகராசாவின் மகன் எஞ்சினை நிறுத்தி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். கொடியின் கீழ் வந்ததும் ஹோர்ன் அடிக்கக் கை போகவில்லை ஒருத்தனுக்கும். தமிழன், முஸ்லிம், சிங்கள லொறிக்காரன் எல்லாரும் அப்படித்தான். உயிரோடு இருக்கிறவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற சனம், செத்தவனுக்கு என்ன மரியாதை!

அக்காவுக்கு மட்டும் அது விளங்கியது. மூன்றாம் நாள் காலை மனுசனை எழுப்பி, "இஞ்சாருங்கோ, ஒருக்கா வெளியில வந்து பாருங்கோ" என்று கூட்டி வந்தார். கோணேஸ்வரன் அண்ணன் கேற்றடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பொல்லை எடுத்து றோட்டில் வைத்தார். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியும் வரை ஒவ்வொரு நாளும் நடந்தார். எட்டாம் நாள் பின்னேரம் கொடியைக் கழற்றினார்கள். ஒன்பதாம் நாள் காலை அவருடைய முழங்கையில் இருந்து ஒரு சாண் தூரத்தால் ஒரு ஓட்டோ பறந்தது. மீண்டும் "ஏலாது", மீண்டும் கட்டில்.

அக்கா பழைய வெள்ளைக் கட்டில் விரிப்பு இரண்டைக் கிழித்தார். முக்கோணமாக வெட்டி, கயிற்றில் கோத்து மெஷினில் தைத்தார். ஒழுங்கையின் கடைசி வீட்டு முனீப் ஓட்டோ ஓடுகிறவன், நல்லவன். ஏணியோடு அவனைக் கூப்பிட்டார்.

மின்கம்பத்தில் பாதி ஏறிவிட்டு அவன் கேட்டான்: "ஆரக்கா மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் போகக்கூடாதெண்டுதான் கட்டுறன். நீ ஏறு."

அடுத்த நாள் ஒழுங்கை அடங்கிப்போயிற்று. கோணேஸ்வரன் அண்ணன் நடந்தார். அவரைக் காணாமல் கொடியை மட்டும் கண்டு போன சனத்துக்கு ஒரு சந்தேகமும் இல்லை: கொடி அவர்கள் கேற்றடியில் முடிகிறது, அவர் கனநாளாகப் படுக்கையில் கிடந்த வருத்தக்காரன், சரி, போய்விட்டார். உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்க எவனுக்கும் நேரமில்லை. மத்தியானத்துக்குள் செய்தி ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. அங்கே இருக்கிற பெறாமகள் தர்சிகா அவருடைய கலியாணப் படத்தை பேஸ்புக்கில் போட்டு, "சித்தப்பா, எங்களை விட்டுப் போய்விட்டீர்களே" என்று எழுதினாள். நூற்றெழுபது பேர் அழுகிற முகம் போட்டார்கள். அதில் நாலு வருசமாக ஒரு போன் எடுக்காதவர்கள் நூற்றறுபது பேராவது இருப்பார்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒன்றுவிட்ட தம்பி சிவரூபன் மாலையோடு வந்தார். செத்தவீட்டில் வாசலில் நின்று ஒருவரும் "வாங்கோ" சொல்வதில்லை, வந்தவரும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார். அவரும் குனிந்தபடி கேற்றைத் திறந்தார். நடந்துவிட்டு வந்த கோணேஸ்வரன் அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று, குழறின வாயால் "வா... டா" என்றார். மாலை ஒரு பக்கம், சிவரூபன் ஒரு பக்கம். தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினோம்.

தேத்தண்ணி குடித்துத் தெம்பு வந்ததும் சிவரூபனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெட்டு மெஷினை வயலுக்க நிப்பாட்டிப்போட்டு வந்தனான்! என்ன விளையாட்டு இது?"

"அப்ப என்ன, ஆளைச் சாகச் சொல்லவோ?" என்றார் அக்கா. "வந்தனீங்கள் தானே, அண்ணனோட ஒரு நடை நடந்துபோட்டுப் போங்கோ."

அவர் நடக்கவில்லை. அடுத்த பஸ்சில் ஊருக்குப் போனார்.

உண்மை வெளியே தெரிந்த பிறகும் கொடியின் வேலை கெடவில்லை, ஏனென்றால் எங்கள் ஒழுங்கையால் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் வெளியாட்கள். மூன்று கிழமை நடந்தார். கெண்டைக்காலில் சதை பிடித்தது. ஒரு நாள் உட்துறைமுக வீதி வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பெரிய சிரிப்பு!

பொறுக்குமா எங்கள் சனத்துக்கு? அவசரக் கூட்டம். பலகைக்கு வராதவர்கள், மேட்டுக்கு வராதவர்கள் எல்லாரும் வந்தார்கள். யோகராசாவின் மகள் லக்சாயினிக்கு வருகிற மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி ஏன் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அக்கா, உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆராவது கொடி கட்டுவினமோ? எவ்வளவு அபசகுனம்!" என்றார் யோகராசா.

"கையெழுத்து வச்சனீங்கள் தம்பி, மெதுவா ஓடுறம் எண்டு. ஓடினீங்களோ?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகராசா குரலைத் தாழ்த்தினார், தலைவர் அல்லவா, சமாதானம் செய்ய வேண்டும்.

"கோவிக்காதேங்கோ அக்கா. இப்ப கழட்டுங்கோ. அண்ணைக்கு ஒண்டு நடந்தால் நாங்கள் இருக்கிறம். ஒழுங்கை முழுக்க நாங்களே கட்டுவம். ஒரு வாகனம் வேகமாப் போக விடமாட்டம்."

அக்கா எழும்பினார்.

"அண்டைக்கு அவர் நடக்கமாட்டார் தம்பி. நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போவீங்கள். மெதுவாத்தான் போவீங்கள், எனக்குத் தெரியும்."

அன்று பின்னேரமே கொடியைத் தானே கழற்றினார். மடித்துக் கொண்டுபோய் யோகராசாவின் கையில் கொடுத்தார். அவர் வாங்கிவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கலியாண வீட்டுக்குள் கொண்டுபோகவும் ஏலாது, எறியவும் ஏலாது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு நான் கேற்றைத் தாண்டி மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். முன்னால் ஒழுங்கையின் நட்ட நடுவில் கோணேஸ்வரன் அண்ணன். ஓரமாக அல்ல, நடுவில். பொல்லு ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். இரண்டு பேரும் நின்றால் ஒழுங்கை முடிந்தது, ஒரு பூனை போக இடமில்லை. நான் பிரேக் பிடித்தேன். பின்னால் யோகராசாவின் மகன், அவனுக்குப் பின்னால் கூலர் வான், அதற்குப் பின்னால் கமலேஸ்வரி ரீச்சரின் கார். ஹோர்ன் அடித்தார்கள்.

"அன்ரி, கொஞ்சம் ஓரமா அரக்குங்கோ!" என்று கத்தினான் யோகராசாவின் மகன்.

அக்கா திரும்பினார். சங்கக்கடைக் குரல்.

"வரிசையில வாங்கோ."

கொடியில்லை, பலகையில்லை, மேடில்லை. நான் காலை நிலத்தில் ஊன்றி ஊன்றி, ஒரு வருத்தக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அரை மணித்தியாலம் போனேன். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். கோணேஸ்வரன் அண்ணனின் இடது கால் ஒவ்வொரு எட்டுக்கும் நடுங்கி, ஊன்றி, நின்றது. யாராவது ஒருத்தன் பொறுமை இழந்து முறுக்கினால் போதும், முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். அவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.