உளி பட்ட முகம்

இடித்துத் தரைமட்டமாக்கிய ஒரு சுவரை என் அண்ணி காப்பாற்றி வைத்திருக்கிறார்.

நூற்பாலையின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொழிலாளிகள் தங்களையே வரிசை வரிசையாக வரைந்திருந்தார்கள். ஆலையை இடிக்க நாள் குறித்ததும் அண்ணி ஏணி போட்டு ஏறினார். பதினொரு நாளில் நாலாயிரம் புகைப்படம். அவற்றைக் கணினியில் ஒட்டி, அருங்காட்சியகத்தின் வெற்றுச் சுவரில் அதே அளவில் ஒளியாக விழச் செய்வது அவர் வேலை. "இவ்வளவு படிச்சுட்டு லைட் போடுறா" என்பான் அண்ணன்.

திறப்புவிழா அன்று காலை, லீவில் வந்திருந்த என்னையும் ஒத்திகைக்குக் கூட்டிப்போனார். சுவர் ஒளிர்ந்தது. எல்லோரும் கைதட்ட, அண்ணி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண்ணுக்கு மீசை!

உண்மையில் அவளுக்கு அங்கே முகமே கிடையாது. வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியவள் என்பதால், நிர்வாகம் ஆள் வைத்து உளியால் சுரண்டிவிட்டது. மென்பொருளில் ஓட்டைகளைத் தானாக நிரப்பும் வசதியை அண்ணி அணைக்க மறந்திருந்தார். அது பக்கத்தில் நின்ற மேஸ்திரியின் முகத்தை எடுத்து அவளுக்கு ஒட்டிவிட்டது.

"மீசையை எடுத்துட்டு லட்சணமா ஒரு முகம் போட்டுடும்மா" என்றார் அருங்காட்சியக இயக்குநர்.

"அங்க முகம் இல்ல சார். உளித் தடம்தான் இருக்கு."

"ஆலை முதலாளி குடும்பம் முன்வரிசையில உக்காரப்போகுது."

"உக்காரட்டும். பக்கத்துல இருந்தா நல்லாத் தெரியும்."

நான் அண்ணியின் காதருகே குனிந்தேன். "அண்ணி, வேலைக்கு உலை வச்சுக்காதீங்க."

"பயப்படறதுக்குன்னே டிக்கெட் போட்டு வந்தீங்களா தம்பி? அந்த வயரைப் பிடிங்க."

மென்பொருள் நிரப்பாத மூலப் படங்களைத் திரும்பப் பொருத்தினார். உளியின் ஒவ்வொரு கீறலும் நிழலோடு தெரியும்படி கணினியிலேயே சாய்வாக ஒரு வெளிச்சமும் சேர்த்தார். விருந்தினர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இயக்குநர் புரொஜெக்டர் ஆபரேட்டரின் காதில், "காலையில ஓடினதையே போடு" என்றார். ஆபரேட்டர் கணினியைத் துழாவினார்.

"தேடாதீங்கண்ணே. அதை அழிச்சாச்சு" என்றார் அண்ணி.

"யாரைக் கேட்டு அழிச்சே?"

"அவ முகத்தை யாரைக் கேட்டு அழிச்சாங்களாம்?"

கூடத்து விளக்குகளை அண்ணியே அணைத்தார்; சுவர் உளித் தடத்தோடு ஒளிர்ந்தது.

மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதற்குள் அந்தச் சுவர், சுரண்டிய முகத்தோடு, பழைய ஆலைத் தொழிலாளர் வீடுகளின் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.