பையில் ஏற்றிய கல்

நான் நர்ஸ். பொணத்தைப் பாத்துப் பாத்து மனசு மரத்துப்போனவ. யாராவது பேய் கதை ஆரம்பிச்சா, "மொதல்ல பிபி பாத்துக்கோ"ன்னு சொல்ற ரகம். அதனால இதை நீங்க நம்பலேன்னா எனக்குக் கோபமே வராது. வேற யாராவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

கொல்லிமலைக்கு மாத்தலாகி வந்து செம்மேட்டுல குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்கு இமயமலைப் பைத்தியம். அவரும் காலேஜ் சிநேகிதன் குமாரும் ஏதோ ஒரு கணவாய் வரைக்கும் நடக்கிறதா முடிவு பண்ணிட்டாங்க. காத்தே கம்மியா இருக்கிற இடம், ஆஸ்பத்திரி கிடையாது, முடியாமப்போனா ஆளுங்கதான் தூக்கி இறக்கணும். சண்டை போட்டேன், அழுதேன், மனுஷன் அசையலை. "அதுக்குத்தானேடி பழகுறேன்"னு காலையில முதுகுப்பையில அரிசி, தண்ணி கேன்னு கனம் ஏத்திக்கிட்டு மலைப்பாதையில ஏறி இறங்குவார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். பெரக்கரை நாடுன்னு சொல்ற மலைக்கிராமங்க பக்கம் பழைய ஒத்தையடிப் பாதை, ஓரத்துல கல்லாக் குவிஞ்சு கிடந்துச்சு. "கைக்கு அடக்கமா இருக்கு"ன்னு அள்ளிப் பையில போட்டுக்கிட்டார். வழக்கமாத் தூக்குற கனம்கூட இருக்காது, ஆனா கொஞ்ச தூரத்துலயே ஆளுக்கு மூச்சு வாங்குது. அவர் முன்னாடி, நான் பின்னாடி. அப்பத்தான் கேட்டுச்சு. ஈனஸ்வரத்துல ஒரு ஆம்பளைக் குரல், நோயாளிக் குரல்னு எனக்குக் கேட்டவுடனே தெரியும்.

"ஆசுபத்திரி வந்துருச்சுங்களா, சாமி?"

திரும்பிப் பாத்தேன், யாருமில்லை. மறுபடி அதே கேள்வி. பின்னாடி இருந்து வரலைங்க அது. முன்னாடி, அவர் முதுகுகிட்ட இருந்து வந்துச்சு. பட்டப்பகல், நல்ல வெயில். அவர் காதுல எதுவுமே விழலை. சொன்னா, தன்னைப் போகவிடாம இருக்க நாடகம் ஆடுறேன்னு கேலி பண்ணுவார்னு நான் வாயைத் திறக்கலை.

வாசல்ல கல்லைக் கொட்டினதும், எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா பதறிப்போச்சு. "ஏனுங்க, இதை எங்கீங்க எடுத்தீங்க?"

"பாதையோரம் கெடந்துச்சும்மா."

"ரோடு வாரதுக்கு முன்னால சீக்காளிய மூங்கில்ல தூளி கட்டித்தான் கீழ காளப்பநாயக்கன்பட்டி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. வழியில மூச்சு நின்னுட்டா, எறக்கி வெச்ச எடத்துல கல்லு வெப்பாங்க. போற வாரவங்களும் ஒண்ணு வெப்பாங்க. இனி எங்கயும் போவேண்டாம், இங்கயே படுத்துக்கன்னு அர்த்தமுங்க. கல்லை எடுத்தா, மறுக்காவும் தூக்கிட்டாங்கன்னு அந்த உசுரு பொறப்பட்டுருமுங்க."

அவர் சிரிச்சார். ஆனாலும் மறுநாள் கொண்டுபோய்த் திருப்பி வச்சார், நானே பாத்தேன். குரல் கேட்டதை நான் வீட்டுக்காரம்மாகிட்டகூடச் சொல்லலை.

அப்புறம் இமயமலைக்குப் போனார். உயிரோட திரும்பலை.

குமார்தான் வந்து சொன்னான். கணவாய்க்குக் கீழயே மூச்சுத் திணறல் வந்து, கூட வந்த ஆளுங்க முதுகுல கட்டி இறக்கியிருக்காங்க. பாதி வழியிலயே முடிஞ்சுபோச்சு.

"கடைசி வரைக்கும் ஒரே கேள்விதான் சிஸ்டர். ஆசுபத்திரி வந்துருச்சுங்களா, சாமின்னு கேட்டுக்கிட்டே வந்தான். கூடப் படிச்ச என்னைப் போய் எதுக்கு சாமின்னான்?"

குமார் அழுதுக்கிட்டே இன்னொண்ணும் சொன்னான். "கணவாய் உச்சியில போறவங்க கல்லு வைப்பாங்க. அதுக்குன்னு ஊர்ல இருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்திருந்தான், ஏதோ பாதையில கிடைச்சதாம். உச்சிக்குத்தான் போகலையேன்னு, அவன் உயிர் போன இடத்துலயே வச்சுட்டு வந்தேன்."

ஒண்ணை மட்டும் திருப்பி வைக்காம ஒளிச்சு வச்சிருக்கார், பாவி மனுஷன்.

அவர் உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து பொதைச்சாச்சு. ஆனா அந்தக் கல்லு அங்கதான் இருக்கு. மலையேற வர்றவங்க யாராவது ஞாபகத்துக்குன்னு எடுத்துப் பையில போட்டுக்கிட்டா? அவருக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி நான் வேலை பாக்குறது ஒண்ணுதான்.

இப்பவும் வார்டுல முதுகுக்குப் பின்னாடி யாராவது கூப்பிட்டா, திரும்பி, ஆள் நிக்குதான்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்றேன்.