பிடியரிசிக்குப் போன மோட்டார் சைக்கிள்

படியில் அளந்த அரிசியை உலையில் போடுவதற்கு முன்னால் சாலோமி அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுப்பாள். எடுத்த கை நேரே பிடியரிசிப் பானைக்குப் போகாது. சன்னலோரம் போய் நின்று, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் கிடப்பதைப் பார்ப்பாள். குருணை அதிகமோ, கல் உண்டோ, எந்த ஊர் வயலில் விளைந்ததோ என்று அங்கே ஒரு விசாரணை நடக்கும். ஒரு மணியைப் பல்லில் கடித்தும் பார்ப்பாள். அப்புறம்தான் கை கவிழும். திருநெல்வேலிச் சீமையில் வேதக்காரப் பெண்கள், அதாவது கிறிஸ்தவப் பெண்கள், எல்லாருமே சமைக்கும்போது ஒரு பிடியைத் தர்மத்துக்கென்று ஒதுக்குகிறவர்கள்தான். ஒதுக்கியதை நின்று பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

பாளையங்கோட்டையில் மிஷனைச் சேர்ந்த ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அவள் சமையற்காரி. புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப்போன இடத்தில் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. யாரைக் கண்டாலும் எதைக் கண்டாலும் கேள்வி கேட்கிற குணம் மட்டும் சின்ன வயதிலிருந்து அவளை விட்டுப் போகவில்லை.

செல்லக்கிளியை அவள் சிநேகம் பிடித்ததும் ஒரு கேள்வியால்தான். ஏழு வயதுப் பிள்ளை மல்லாந்து கிடந்தாள். ஒரு காலில் கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியில் மணல்மூட்டையைக் கட்டில் விளிம்புக்கு அப்பால் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மூட்டை எதுக்கும்மா? பிள்ளை ஓடிப் போயிருவாளோ?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு மூட்டில் நோய், கால் உள்ளிழுத்துக்கொண்டு வருகிறது, இப்படியே ஆறு மாதம் அசையாமல் இழுத்து வைத்தால் நேராக நடப்பாள், பாதியில் அவிழ்த்தால் கால் குட்டையாகவே நின்றுவிடும் என்று விளக்கினாள். அன்றிலிருந்து கஞ்சி ஊற்றப் போகும்போதெல்லாம் சாலோமி அந்த மூட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

செல்லக்கிளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், 1913-இல், ஐப்பசி மழை ஓயாமல் அடித்தது. அரிசி இருந்த அறையின் கூரை ஒழுகி மூட்டைகள் பூசணம் பிடித்துப் போயின. பிள்ளைகளும் கூட இருக்கும் தாய்மாருமாக எல்லாருக்கும் இரண்டு வேளை சோறு போட்ட அறை அது. மாசியில் டாக்டரம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"ஈஸ்டருக்குப் பிறகு ரொம்ப நாள் கிடக்கிற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும், சாலோமி."

"செல்லக்கிளியையுமா? மூட்டையை அவுத்தா?"

டாக்டரம்மா தலையசைத்துவிட்டு வார்டுப் பக்கம் போய்விட்டாள்.

அரிசி சேர்க்கும் யோசனை அப்பாத்துரையுடையது. அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டி வைத்திருந்தான். பக்கத்தில் ஆள் உட்காரப் பிரம்புத் தொட்டில் ஒன்று பூட்டிய வண்டி. ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. பிசான நெல் அறுவடை முடிந்ததும் மூன்று வண்டியும் ஒரே நாளில் மூன்று சாலைகளில் கிளம்புவது, ஊர் ஊராகப் பிடியரிசி கேட்பது, மூட்டைகளை அங்கங்கே வைத்துவிட்டு வந்தால் பின்னால் மாட்டுவண்டி ஏற்றிக்கொண்டு வரும் என்று ஏற்பாடு. அப்பாத்துரைக்கு முக்கூடல் சாலை. அங்கே கிறிஸ்தவச் சபைக் குடும்பங்கள் குறைவு. அடுக்களை அரிசியைப் பெண்பிள்ளைகளிடம் கேட்க ஒரு பெண் வேண்டும்.

சாலோமி தொட்டிலில் ஏறும்போது, தண்ணீர் இறைக்கிற கோமு வாளியோடு வந்து நின்றாள்.

"எக்கா, தொட்டில்ல ஏறுத வயசா உனக்கு? தாலாட்டு யாரு பாடுவா?"

"நீ பாடுட்டி. ஆட்டுததை ரோட்டுக் குழி பாத்துக்கிடும்."

பேட்டை தாண்டும்வரை அவள் தொட்டில் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. தாண்டியதும் கேள்வி ஆரம்பமாயிற்று. வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"தம்பி, இது என்ன திங்கும்?"

"பெட்ரோல், அக்கா."

"கழிக்கது?"

"புகைதான்."

"வறட்டி தட்ட முடியாதே. அப்போ மாடே தேவலை!"

முதல் நான்கு ஊர்களிலும் வேடிக்கை பார்த்த கூட்டம் பெரிது, விழுந்த அரிசி சிறிது. ஐந்தாவது ஊர்தான் பெரிய ஊர். முக்கூடலுக்கு இப்புறம், ஆற்றுப் பாசனத்தில் செழித்த ஊர். ஊர் முன்சீப்புக்கு அப்பாத்துரை முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தான்: 'பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து மோட்டாரில் வருகிறோம்.'

வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு குஞ்சுகுளுவான் இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆளைக் கூப்பிடலாமென்று அப்பாத்துரை ரப்பர் குழலைப் பிடித்து அமுக்கினான். பாம், பாம் என்றது. எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.

"சத்தத்தை நிப்பாட்டு தம்பி," என்றாள் சாலோமி.

இன்ஜின் ஓய்ந்த அமைதியில் பெரிய காரைவீட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது.

"எங்க ஊர்ல பிள்ளையே கிடையாது! போயிருங்க!"

சாலோமி தொட்டிலிலிருந்து இறங்கித் தெருவைப் பார்த்தாள். புழுதியில் ஒரு பம்பரம் இன்னும் தூங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. போன வருஷம் அம்மை குத்துகிறவன் சைக்கிளில் வந்தான். இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்கள் மோட்டாரில், 'பிள்ளைகள் ஆஸ்பத்திரி' என்று வேறு சொல்லியனுப்பி வருகிறார்கள்; ஊசி குத்தப் பிள்ளைகளைத் தேடித்தான் என்று ஊர் பயந்துவிட்டது.

"பிள்ளை இல்லாத ஊர்ல பம்பரத்தைச் சுத்துனது யாரு, பேயா?" என்று உரக்கக் கேட்டாள். வைக்கோற்போருக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கையை உயர்த்தி அம்மை குத்திய வடுவைக் காட்டினாள். "நான் குத்த வரலை, தாயி. குத்துப்பட்டவ. சோறு பொங்குதவ. ஒரு பிடி அரிசி கேட்டு வந்திருக்கேன்."

கதவுகள் பைய பையத் திறந்தன. வைக்கோற்போர் பிள்ளைகளை உதிர்த்தது. பெண்கள் அரிசியோடு வந்து, போடுவதற்கு முன் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். இது ராத்திரி தூங்குமா, கொம்பைப் பிடித்தால் முட்டுமா என்று கேட்டார்கள். தன்னைப்போல் கேள்வி கேட்கிறவர்கள் இத்தனை பேரா என்று சாலோமிக்குச் சந்தோஷம். ஆனாலும் சாக்கு பாதிகூட நிறையவில்லை. மணல்மூட்டை அவள் கண்முன்னால் ஆடியது.

அப்போதுதான் காரைவீட்டுச் சொர்ணாம்பாள் வாசலுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். காதில் வைரத்தோடு. ஊரில் பாதி வயல் அந்த வீட்டுடையது என்று பக்கத்திலிருந்தவள் முணுமுணுத்தாள்.

"அங்கன பிள்ளைகளை என்னட்டி செய்வீக?"

சாலோமி செல்லக்கிளியைப் பற்றிச் சொன்னாள். சொர்ணாம்பாள் விடவில்லை. கட்டில் எவ்வளவு உயரம்? கயிறு இறுக்குமா? பெத்தவளைக் கூட இருக்க விடுவாகளா? சைவத்துக்கு என்ன வழி?

"தனி அடுப்பு போட்டுக்கிடலாம் ஆச்சி. நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன்."

"நீயா எட்டிப் பார்க்க மாட்டே?" என்று சொர்ணாம்பாள் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். "நானும் ஒரு நடை இதுல போயிட்டு வாரேன்."

கூட்டம் வாய்பிளந்தது. அவளோ உள்ளே போய், ஒரு பித்தளைச் சொம்பில் விளிம்புவரை தண்ணீரோடு வந்தாள். தொட்டிலில் ஏறி, ஒரு காலை நேராக நீட்டி, அதன்மேல் சொம்பை வைத்துக்கொண்டாள்.

"தண்ணி எதுக்கு ஆச்சி?" சாலோமியால் சும்மா இருக்க முடியவில்லை.

"தாகம் எடுத்தா?"

பிள்ளைகள் கூச்சலிட்டபடி வண்டியைத் தள்ளிவிட்டார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. "பைய, தம்பி, பைய," என்ற குரல் ஆற்றங்கரைத் திருப்பம்வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. இறங்கியவள் யாரையும் பார்க்கவில்லை. சொம்புக்குள் பார்த்தாள்; தண்ணீர் அவ்வளவாகச் சிந்தியிருக்கவில்லை. ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினாள்.

"அரிசி அறைச் சாவியைக் கொண்டா," என்றாள் உள்ளே பார்த்து. அன்று நான்கு மூட்டை அரிசி வெளியே வந்தது. அடுத்த அறுவடைவரை மாதம் ஒரு மூட்டை வரும் என்றும் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் சாலோமி அரிசியைப் பற்றிப் பேசவில்லை. "தாகத்துக்குக் கொண்டுபோன தண்ணியை ஏன் தம்பி குடிக்கலை?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரிய வீட்டு விளையாட்டு, அக்கா. விடுங்க."

ஈஸ்டர் வந்தது, போனது. செல்லக்கிளியின் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. சாலோமி மூட்டையைத் தொட்டுப் பார்ப்பதையும் விடவில்லை.

வைகாசியில் அப்பாத்துரையை அந்த ஊருக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனவன் சாயங்காலம் திரும்பியபோது தொட்டிலில் தலையணைகளுக்கு நடுவே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். பெயர் பாலம்மாள், சொர்ணாம்பாளின் மகள். செல்லக்கிளிக்கு வந்த அதே நோய். ஒருமுறை மாட்டுவண்டியில் கிளப்பி, குலுக்கலில் பிள்ளை அலறிய அலறலைப் பொறுக்க மாட்டாமல் பாதிவழியில் திரும்பியிருக்கிறார்கள். மோட்டார் குலுக்காமல் போகுமா என்று பார்க்கத்தான் அன்று அந்தத் தண்ணீர்; சொர்ணாம்பாளின் காலின்மேல் இருந்தது சொம்பல்ல, இந்தப் பிள்ளை.

செல்லக்கிளிக்குப் பக்கத்துக் கட்டிலில் பாலம்மாளைக் கிடத்தினார்கள். கஞ்சி ஊற்றப் போன சாலோமி, இரண்டு பேரையும் சிரிக்க வைக்கலாமென்று பம்பரம் சுற்றிய பேயின் கதையைச் சொன்னாள். செல்லக்கிளி சிரித்தாள். பாலம்மாள் சிரிக்கவில்லை.

"பிள்ளையே கிடையாதுன்னு கத்துனது நான்தான்," என்றாள். "மத்தவங்க எல்லாம் வைக்கப்போருக்கு ஓடிட்டாக. என்னால ஓட முடியலைல்லா."