நளாயினி மிஸ் கேட்ட கொத்துச் சத்தம்

சென்ற செவ்வாய் பின்னேரம் தொலைபேசி அடித்தபோது நான் கிணற்றடியில் நின்றேன். உம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எடுத்தது வாப்பா. நாங்கள் உள்ளே வந்தபோது அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நளாயினி மிஸ் மௌத்தாப் போயிட்டாவாம். அவட தம்பிதான் கதைச்சது. காரைதீவு வீட்டதான் வெச்சிரிக்காங்க. நாளைக்கி மூணு மணிக்கி எடுக்கிறாங்களாம்" என்றார்.

மிஸ் இறந்த செய்தி கேட்டு உம்மா அழுதார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ ஒருக்கா எடுத்துக் கேளுகா. மணி பிழைச்சா அவட முகத்தையும் பார்க்கக் கிடைக்காது" என்றார்.

நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். ஆனால் அழைக்காமலே வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் மிஸ்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வாப்பாவின் மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டது. கல்முனையில் கொத்து ரொட்டிக் கடை வைத்திருந்தவர் அவர்; சூட்டுக் கல்லில் இரண்டு கையிலும் தகடு பிடித்து, தாளமாக அடித்து ரொட்டியைக் கொத்துவார். உயிர் தப்பி வீட்டுக்கு வந்தபோது, பீங்கானில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டார். இடப்பக்கம் அப்படியே கிடக்கும். வாசலில் கேட்டதை அடுப்படிக்குள் வந்து சொல்வதற்குள் மறந்துவிடுவார்.

நளாயினி மிஸ் ஆஸ்பத்திரியின் புனர்வாழ்வுப் பிரிவில் வேலை செய்தார். இசையால் கவனத்தையும் ஞாபகத்தையும் பயிற்றலாம் என்று தேடிப் படித்தவர். முதல் நாள் படங்களைக் காட்டிக் கேட்டார். வாப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை. "என்ன தொழில்?" என்று கேட்டார். உம்மா சொன்னதும் மேசையில் இருந்த, கோடு போடும் இரண்டு அடிமட்டங்களை எடுத்து வாப்பாவின் கைகளில் கொடுத்தார்.

"கொத்து அடிச்சுக் காட்டுங்க பாப்பம்."

வலது கை அடித்தது. இடது கை மேசையில் கிடந்தது. மிஸ் தன் விரலால் அந்தப் பக்கத்தில் தட்டினார். நாலைந்து தட்டுக்குப் பிறகு இடது கை எழும்பியது. எங்கள் கடையின் தாளம் அந்தச் சின்ன அறைக்குள் கேட்டது.

உம்மாவுக்கோ வேறு பயம். "பாட்டு, மேளம் எண்டா நமக்குச் சரிவருமா மிஸ்? எங்கட ஆக்கள் என்னமும் சொல்லுவாங்க."

"மேளம் ஒண்டும் இல்ல. இது உங்கட மனுசன்ட கொத்துச் சத்தம். இதுக்கு ஆர் கூடாதெண்டு பத்வா குடுக்கிறது?"

வாப்பா சிரித்தார். நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"அடுத்த அடி எப்ப வருமெண்டு காத்திரிக்கக்குள்ள கவனம் கலையாது" என்று மிஸ் எனக்கு விளக்கினார். "ஆனா மகள், இது மந்திரம் இல்ல. சிலருக்குச் சரிவரும், சிலருக்கு வராது." பிறகு கடையில் ஆட்கள் கேட்கும் கொத்து வகைகளை அந்தத் தாளத்தில் சொற்களாகக் கட்டினார். 'கோழி ரெண்டு, முட்டை ஒண்டு, மாடு ஒண்டு' என்று ராகமாகச் சொல்வார். வாப்பா அடித்தபடியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

வீட்டுப் பயிற்சிக்கு நான் பொறுப்பு. கொப்பியில் கோடு போட்டு, அவர் சரியாகச் சொன்னதற்கெல்லாம் புள்ளிகள் எழுதினேன். ஒரு மாதத்தில் எல்லாப் பக்கமும் முழுப் புள்ளி. பெருமையோடு மிஸ்ஸிடம் நீட்டினேன். அவர் கொப்பியைப் பார்த்தார், வாப்பாவைச் சோதித்தார், திரும்பவும் கொப்பியைப் பார்த்தார். அன்று வாப்பாவுக்கு ஒன்றுதான் சரியாக வந்தது.

"மகள், வீட்ட நீங்களும் சேர்ந்து பாடுறீங்களா?"

"கொஞ்சம் மிஸ். தடக்குப்பட்டா முதல் எழுத்து மட்டும்."

"அப்ப உங்கட மூளைக்கி நல்ல பயிற்சி" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன். உடனே குரலைத் தணித்தார். "நானும் அதே பிழைதான் விட்டிரிக்கன். வாப்பா தடக்குப்பட்டா என்ர தலை தன்பாட்டுக்கு ஆடி விடையைக் காட்டிக் குடுக்குது. இனி நான் பின்னால இருக்கிறன், நீங்க வாயை மூடிக்கொண்டு இருங்க. பிந்தினாலும் அவருக்கே வரட்டும். காத்திரிக்கிறது எங்களுக்குத்தான் கஷ்டம்."

அன்றிலிருந்து பர்தாவின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மிஸ் முதலில் ராகத்தை விட்டார். சில மாதங்களில் தாளத்தையும் விட்டார். ஞாபகம் வாப்பாவிடமே மிஞ்ச வேண்டும் என்பது அவர் எண்ணம். கொப்பியில் புள்ளிகள் குறைந்து, மெல்ல மெல்ல ஏறின. இந்தத் தடவை அவை வாப்பாவுடையவை.

கடை திரும்பத் திறந்த முதல் கிழமையே மிஸ் வந்தார். அப்போதே அவர் நோயாளி என்பது எங்களுக்குத் தெரியாது. "கோழிக் கொத்து மூண்டு. ஒண்டு உறைப்புக் கூட, ஒண்டு வெங்காயம் இல்லாம, மற்றது பார்சல்" என்றார். பிறகு தலை ஆடிவிடாமல் இருக்க, சுழலும் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா வெறும் தகடுகளோடு கொஞ்ச நேரம் நின்றார். நான் பர்தாவைக் கடித்தேன். தகடுகள் இறங்கின.

மூன்றும் சரி. ஒரு வாய் வைத்ததும் மிஸ்ஸின் கண்களில் நீர் வந்தது.

"உறைப்புக் கூடிட்டா மிஸ்?" என்று வாப்பா பதறினார்.

"நான் கேட்டதைத்தானே தந்திரிக்கீங்க" என்றார் மிஸ்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

புதன்கிழமை நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். வாப்பாவின் ஞாபகத்தை மட்டும் நம்பி, யாரிடமும் அழைத்துக் கேட்காமலே வந்திருந்தோம். சாய்ந்தமருது தாண்டும்போது நான் நேரத்தைப் பார்த்தேன். மணி பிழைத்திருந்தால் அவரை வழியனுப்பும் ஒரே வாய்ப்பும் போய்விடும். மிஸ்ஸின் ஒழுங்கைக்குள் திரும்பினோம். பந்தல் நிறைய ஆட்கள். வாசலில் ஒருவர் மற்றவரிடம், "மூண்டு மணிக்குத்தான் எடுப்பாங்க, இருங்க" என்றார். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

நாங்கள் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தோம். மூன்று மணிக்கு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பறை முழங்கியது. வாப்பா ஒதுங்கி நின்றார். இடுப்பில் கட்டிய சாரத்தின் மேல் அவருடைய விரல்கள் வலமும் இடமுமாக மெல்லத் தட்டின. இடது கை பிந்தவில்லை.

போய் வாங்க மிஸ். நான் வாய் தொறக்கல்ல.