அப்பா தூக்கிய பஞ்சு மூட்டை

மருத்துவமனையில், எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் எங்கள் ஊர் ஜார்ஜ் டவுனின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு: அந்தக் காலத்துத் துறைமுகக் கூலிபோல மூட்டை தூக்கி ஓட வேண்டும். ஓடி முடித்தால் சட்டையில் 'நானும் கூலி' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என் மகள் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

ஸ்டிக்கர் ஒட்டிய பெண் அப்பாவையும் விடவில்லை. "அங்கிள், நீங்களும் ட்ரை பண்ணுங்க லா!"

அப்பா இதே ஊர்த் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் அரிசி மூட்டை சுமந்தவர். துண்டை நாலாக மடித்துப் பிடரியில் போட்டார். காலை அகட்டி, மூச்சை அடக்கி, பழைய கனத்தை நினைத்து ஒரே தம்மில் தூக்கினார்.

உள்ளே வெறும் பஞ்சு. மூட்டை பின்னால் பறந்தது. தூக்கிய வேகத்தில் அப்பா மல்லாந்து விழுந்தார்.

வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். அவரால் எழ முடியவில்லை என்று புரிவதற்குள் அந்தப் பெண் குனிந்து அவர் சட்டையில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள்.

சற்று முன் நர்ஸ் வந்தார். "எப்படி விழுந்தீங்க, அங்கிள்?"

"மூட்ட தூக்குனேன்மா."

நர்ஸ் அப்பாவின் சட்டையில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த வயசுலயும் இவர வேலைக்கு அனுப்புறீங்களா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?